டபிள்யூஎஸ்எல்2: ரேம், வட்டு, விபிஎன், போர்ட் – எந்த அமைப்பு எந்தக் கோப்பில்?

#1 திருகாணி

விண்டோஸ் 11 (23எச்2), 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. டபிள்யூஎஸ்எல்2-இல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) உபுண்டு 24.04. உள்ளே நோட், போஸ்ட்கிரெஸ், டாக்கர். டாக்கர் டெஸ்க்டாப் கிடையாது, உபுண்டுவுக்குள் நேரடியாகப் போட்டது. ப்ராஜெக்ட் கோப்புகள் சி டிரைவில், /எம்என்டி/சி வழியாகத் திறக்கிறேன்.

சிக்கல்கள்: டாஸ்க் மேனேஜரில் விஎம்மெம்டபிள்யூஎஸ்எல் என்ற ப்ராசஸ் 8 ஜிபி வரை ஏறி, டாக்கரை நிறுத்தினாலும் இறங்குவதில்லை. என்பிஎம் இன்ஸ்டால் ஊர்ந்து போகிறது. கோப்பைச் சேமித்தால் வைட் (நான் ஓட்டும் டெவ் சர்வர்) தானாகப் புதுப்பிப்பதும் இல்லை. டாக்கர் இமேஜ்களை அழித்த பிறகும் சி டிரைவில் இடம் திரும்பவில்லை. அலுவலக விபிஎன் இணைந்ததும் உபுண்டுவில் டிஎன்எஸ் செத்துவிடுகிறது. ஒரே வைஃபையில் இருக்கும் போனிலிருந்து டெவ் சர்வரைத் திறக்க முடியவில்லை.

.டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் கோப்பில் மெமரி=6ஜிபி என்று எழுதினேன். ஒரு மாற்றமும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

#2 கரிசல்

கோப்பிலிருந்தே தொடங்குங்கள். அமைப்புக் கோப்புகள் இரண்டு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள்.

முதலாவது .டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக். விண்டோஸ் பக்கம், உங்கள் யூசர் கோப்புறையில் (சி:\யூசர்ஸ்\பெயர்) இருக்க வேண்டும். இது மெய்நிகர் இயந்திரத்துக்கான கோப்பு: ரேம், சிபியு, ஸ்வாப், நெட்வொர்க் முறை. நீங்கள் எத்தனை டிஸ்ட்ரோ (உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பு) வைத்திருந்தாலும் அத்தனையும் ஓடுவது ஒரே மெய்நிகர் இயந்திரத்தில், ஒரே கெர்னலில். அதனால் இந்தக் கோப்பும் ஒன்றே ஒன்றுதான்.

இரண்டாவது டபிள்யூஎஸ்எல்.கான்ஃப். லினக்ஸ் பக்கம், /இடிசி-க்குள். டிஸ்ட்ரோவுக்கு ஒன்று. சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிப்பது) வேண்டுமா, சி டிரைவை எப்படி மவுன்ட் செய்வது, இயல்பான யூசர் யார், விண்டோஸ் பாத் (நிரல்களைத் தேடும் கோப்புறைப் பட்டியல்) உள்ளே வரவேண்டுமா என்பதெல்லாம் இதில். ரேம் வரம்பை இதில் எழுதினால் சீந்த ஆளில்லை.

உங்கள் மாற்றம் பலிக்காததற்கு என் முதல் சந்தேகம் நோட்பேட். சேமிக்கும்போது அது சத்தமில்லாமல் வால் ஒட்டி .டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்.டிஎக்ஸ்டி ஆக்கியிருக்கும். எக்ஸ்ப்ளோரரில் ஃபைல் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அடுத்த சந்தேகம், தலைப்பு வரி. [டபிள்யூஎஸ்எல்2] என்ற வரி மேலே இல்லாவிட்டால் கீழே எழுதிய எதுவும் செல்லாது.

மூன்றாவது, டெர்மினல் ஜன்னலை மூடித் திறந்தால் போதாது. பவர்ஷெல்லில்:

டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்

இது மெய்நிகர் இயந்திரத்தையே நிறுத்தும். டபிள்யூஎஸ்எல் --டெர்மினேட் உபுண்டு என்பது அந்த டிஸ்ட்ரோவை மட்டும் நிறுத்தும், டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் மாற்றத்துக்கு அது போதும், .டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்குக்குப் போதாது. ஷட்டவுன் கொடுத்த கையோடு திறக்காமல் 8 விநாடி போல விடுங்கள். டபிள்யூஎஸ்எல் --லிஸ்ட் --ரன்னிங் கொடுத்து எதுவும் ஓடவில்லை என்று பார்த்துவிட்டுத் திறப்பது இன்னும் நல்லது.

புதிய பதிப்புகளில் எழுத்துப்பிழை இருந்தால், திறக்கும்போதே "அன்நோன் கீ" என்று வரி எண்ணோடு சொல்லிவிடும். அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். ஸ்டார்ட் மெனுவில் டபிள்யூஎஸ்எல் செட்டிங்ஸ் என்று ஒரு செயலியும் இப்போது வருகிறது. அதில் மாற்றினாலும் எழுதப்படுவது இதே கோப்பில்தான்.

#3 பெங்குவின்27

ரேம் பத்தி நான் சொல்றேன்.

நீங்க எதுவும் எழுதலைன்னா வரம்பு விண்டோஸோட மொத்த ரேம்ல பாதி. 16-க்கு 8. அதான் சரியா 8-ல போய் நிக்குது. டாக்கரை நிறுத்தியும் இறங்கலைன்னா அது கசிவு இல்ல, லினக்ஸோட பேஜ் கேஷ். படிச்ச கோப்பையெல்லாம் ரேம்லயே வெச்சிருக்கும், வேற யாராவது கேட்டாத்தான் விடும். உள்ள ஃப்ரீ -எச் அடிச்சுப் பாருங்க. யூஸ்டு கம்மியா இருந்து பஃப்/கேஷ் பெருசா இருந்தா விஷயம் அதான். டபிள்யூஎஸ்எல்2 காலியான பக்கங்களை விண்டோஸுக்குத் திருப்பிக் குடுக்கும். ஆனா கேஷ்ல இருக்கிற பக்கம் லினக்ஸ் கணக்குல "காலி" இல்லையே. அதனால விண்டோஸுக்குப் போகாது.

16 ஜிபி மெஷினுக்கு நான் எழுதுறது:

[டபிள்யூஎஸ்எல்2]
மெமரி=6ஜிபி
ப்ராசஸர்ஸ்=4
ஸ்வாப்=4ஜிபி

[எக்ஸ்பெரிமென்டல்]
ஆட்டோமெமரிரிக்ளெய்ம்=டிராப்கேஷ்

கடைசி வரிக்கு கிராஜுவல்னு இன்னொரு மதிப்பு உண்டு. டிராப்கேஷ், மெஷின் சும்மா இருந்தா கேஷை ஒரே தடவையில கொட்டிடும். கிராஜுவல் கொஞ்சம் கொஞ்சமா விடும். எண்ணுக்குப் பின்னாடி ஜிபி இல்லாட்டி எம்பி கண்டிப்பா வேணும், வெறும் 6-னு எழுதக்கூடாது.

ரொம்பவும் இறுக்காதீங்க. 3 ஜிபி குடுத்துட்டு டைப்ஸ்கிரிப்ட் பில்டு, போஸ்ட்கிரெஸ், நாலு கன்டெய்னர்னு ஓட்டினா பில்டு நடுவுல "கில்டு"ன்னு ஒத்தை வார்த்தையோட சாகும், கன்டெய்னர் 137-ன்னு வெளியேறும். டிமெசேஜ் எடுத்துப் பாத்தா "அவுட் ஆஃப் மெமரி" இருக்கும். அப்ப குறை நோடு மேல இல்ல, உங்க வரம்பு மேல.

ஸ்வாப் கோப்பை வேற டிரைவுக்கு மாத்தணும்னா ஸ்வாப்ஃபைல்= வரியில பின்சாய்கோட்டை இரட்டையா போடணும்: டி:\\டெம்ப்\\ஸ்வாப்.விஎச்டிஎக்ஸ். ஒத்தையா போட்டா பாதை தப்பாயிடும்.

#4 தறி

ரேமை விடவும் பெரிய வினை உங்கள் முதல் பத்தியிலேயே இருக்கிறது: "ப்ராஜெக்ட் கோப்புகள் சி டிரைவில்."

டபிள்யூஎஸ்எல்1-இல் லினக்ஸ் கெர்னலே கிடையாது. லினக்ஸ் சிஸ்டம் கால்களை விண்டோஸ் கெர்னல் மொழிபெயர்த்தது. அதனால் அங்கே சி டிரைவை அணுகுவது ஓரளவு வேகம். 2020-இல் விண்டோஸ் 10-இன் 2004 பதிப்போடு வந்த டபிள்யூஎஸ்எல்2-இல் உண்மையான கெர்னல், ஹைப்பர்-வி-யின் மேல் ஒரு சிறிய மெய்நிகர் இயந்திரமாக ஓடுகிறது. அதன் வட்டு இஎக்ஸ்டி4.விஎச்டிஎக்ஸ் என்ற ஒரே கோப்பு. அதற்குள் இருக்கும்வரை வேகத்துக்குக் குறைவில்லை. /எம்என்டி/சி-யைத் தொட்டால் மட்டும் ஒவ்வொரு திறப்பும், ஒவ்வொரு ஸ்டாட்டும் (கோப்பின் விவரம் கேட்பது) 9பி என்ற நெறிமுறையில் எல்லை தாண்டி விண்டோஸுக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஒரு பெரிய வீடியோவைப் படிக்க இது பொருட்டில்லை. நோட்_மாட்யூல்ஸ் போலப் பத்தாயிரக்கணக்கில் துண்டுக் கோப்புகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் அந்தச் சுங்கம் கட்டித்தான் ஆக வேண்டும். கிட் ஸ்டேட்டஸ் யோசித்து யோசித்துப் பதில் சொல்வதற்கும் காரணம் இதுவே.

வைட் புதுப்பிக்காததற்கும் அதே எல்லைதான். கோப்பு மாறியதைச் சொல்லும் ஐநோட்டிஃபை நிகழ்வு, விண்டோஸ் பக்கம் நடந்த மாற்றத்துக்கு டபிள்யூஎஸ்எல்2-க்குள் எழாது. போலிங் வைத்துச் சமாளிக்கலாம் (வைட் அமைப்பில் சர்வர்.வாட்ச்.யூஸ்போலிங்), ஆனால் சிபியு சும்மா சுழன்றுகொண்டே இருக்கும். எனக்கு அது பிடிக்காத வழி.

செய்ய வேண்டியது: ப்ராஜெக்டை லினக்ஸ் ஹோமுக்குக் கொண்டுபோங்கள். எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட வேண்டாம். உள்ளே ~/கோட் என்று ஒரு கோப்புறை போட்டு கிட் குளோன் எடுத்து, என்பிஎம் சிஐ ஓட்டுங்கள். பழைய நோட்_மாட்யூல்ஸைக் கூடவே தூக்கி வந்தால் அதிலுள்ள இஎஸ்பில்டு விண்டோஸுக்கான பைனரி. வேறு தளத்துக்கானது என்று சொல்லி நின்றுவிடும். இழுத்துப் போட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு: இணையத்திலிருந்து இறக்கிய கோப்பாக இருந்தால் பக்கத்திலேயே "கோப்புப்பெயர்:ஜோன்.ஐடென்டிஃபையர்" என்று ஒரு குட்டிக் கோப்பு முளைக்கும்.

எடிட்டர் விண்டோஸில் இருக்கட்டும், ஆனால் \\டபிள்யூஎஸ்எல்.லோக்கல்ஹோஸ்ட் வழியாகக் கோப்புறையைத் திறக்காதீர்கள். அது அதே 9பி, எதிர்த்திசையில். விஎஸ் கோடின் டபிள்யூஎஸ்எல் எக்ஸ்டென்ஷனைப் போட்டு, லினக்ஸ் கோப்புறையில் நின்று கோட் . என்று அடியுங்கள். எடிட்டரின் சர்வர் பாதி லினக்ஸுக்குள் ஓடும், முகம் மட்டும் விண்டோஸில்.

#5 திருகாணி

கோப்பின் பெயரில் .டிஎக்ஸ்டி வால் இருந்தது, எடுத்துவிட்டேன். ஃப்ரீ -எச் இப்போது மொத்தம் 5.8 காட்டுகிறது. ப்ராஜெக்டை ~/கோட்-க்கு மாற்றியதும் வைட் உடனுக்குடன் புதுப்பிக்கிறது.

ஆனால் என்பிஎம் சிஐ கொடுத்தால் "யுஎன்சி பாத் ஆதரிக்கப்படவில்லை" என்று விண்டோஸ் பாணியில் ஒரு பிழை வருகிறது. லினக்ஸுக்குள் நின்றுகொண்டு ஏன் விண்டோஸ் பிழை? சிஎச்மாட் கொடுத்தும் சி டிரைவில் இருக்கும் எஸ்எஸ்எச் சாவி 0777-லேயே நிற்கிறது.

#6 கரிசல்

விச் என்பிஎம் கொடுத்துப் பாருங்கள். /எம்என்டி/சி/ப்ரோகிராம் ஃபைல்ஸ்/நோட்ஜேஎஸ் என்று வரும். உபுண்டுவில் நோடு இல்லை, அல்லது என்விஎம் (நோடு பதிப்புகளை நிர்வகிக்கும் கருவி) இந்த ஷெல்லில் ஏறவில்லை. விண்டோஸின் பாத் முழுவதும் லினக்ஸ் பாத்தின் வாலில் ஒட்டப்படுவதால் விண்டோஸ் என்பிஎம் ஓடிவிட்டது. உள்ளே நோடைச் சரியாக நிறுவுங்கள். இந்தக் குழப்பம் இனிமேல் வேண்டாம் என்றால் /இடிசி/டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் கோப்பில்:

[இன்டெராப்]
அப்பெண்ட்விண்டோஸ்பாத்=ஃபால்ஸ்

டேப் அழுத்தினால் ஷெல் திக்குவதும் இதோடு நிற்கும். பாத்தில் இருக்கும் ஒவ்வொரு விண்டோஸ் கோப்புறையையும் 9பி வழியாகத் தேடிக்கொண்டிருந்ததால் வந்த திக்கல் அது.

#7 பெங்குவின்27

இதுல நான் கரிசல் அண்ணனோட ஒத்துப்போகல. அதை ஃபால்ஸ் ஆக்கினா தறி மேல சொன்ன கோட் . வேலை செய்யாது, எக்ஸ்ப்ளோரர்.எக்ஸ்இ . வேலை செய்யாது. புதுசா வர்றவங்க ஒரு சிக்கலைத் தீர்க்கப் போய் இன்னொண்ணுல மாட்டுவாங்க. உள்ள நோடு ஒழுங்கா இருந்தா பாத் வரிசையில லினக்ஸ் தான் முன்னாடி வரும், அது போதும்.

#8 கரிசல்

ஃபால்ஸ் வைத்துவிட்டு, தேவையான இரண்டை மட்டும் .பேஷ்ஆர்சி-யில் சேர்த்துக்கொள்ளலாமே தம்பி. விஎஸ் கோடின் பின் கோப்புறையையும் சி:\விண்டோஸ்-ஐயும் /எம்என்டி/சி வடிவில் பாத்தின் கடைசியில் ஒட்டினால் இரண்டும் ஓடும். பைத்தான், கிட், நோட், டாக்கர் எல்லாம் இரண்டு பக்கமும் நிறுவியிருப்பவருக்கு அடைத்துவிடுவதுதான் நிம்மதி. விண்டோஸில் எதுவும் நிறுவாதவர் தொடவே வேண்டாம்.

எஸ்எஸ்எச் சாவி: சி டிரைவின் கோப்புகளுக்கு லினக்ஸ் அனுமதிகளை எழுதிவைக்க இயல்பாக இடம் கிடையாது, அதனால் சிஎச்மாட் காற்றோடு போகிறது. சாவியை ~/.எஸ்எஸ்எச்-க்கு நகலெடுத்து சிஎச்மாட் 600 கொடுங்கள், வேலை முடிந்தது. சி டிரைவிலேயே அனுமதிகள் நிற்க வேண்டும் என்றால் மட்டும், டபிள்யூஎஸ்எல்.கான்ஃபில்:

[ஆட்டோமவுன்ட்]
ஆப்ஷன்ஸ்="மெட்டாடேட்டா,யூமாஸ்க்=22,எஃப்மாஸ்க்=11"

பிறகு டிஸ்ட்ரோவை டெர்மினேட் செய்து திறக்க வேண்டும். அனுமதி விவரம் என்டிஎஃப்எஸ் கோப்பின் கூடுதல் பண்பாகச் சேமிக்கப்படும்.

#9 முட்டுக்காடு

வட்டு இடத்துக்கு சுருக்கு வழி இருக்கே. உபுண்டுவோட விஎச்டிஎக்ஸை ஸ்பார்ஸ் (காலிப் பகுதி வட்டுல இடம் பிடிக்காத கோப்பு) ஆக்கிடுங்க, தானா சுருங்கிடும்:

டபிள்யூஎஸ்எல் --மேனேஜ் உபுண்டு --செட்-ஸ்பார்ஸ் ட்ரூ

#10 தறி

அதைப் பரிந்துரைக்காதீர்கள் முட்டுக்காடு. தரவு சிதையலாம் என்ற காரணத்தால் புதிய பதிப்புகளில் இந்த வசதியையே முடக்கி வைத்திருக்கிறார்கள். இப்போது அந்தக் கட்டளையைக் கொடுத்தால் மறுத்துவிட்டு, பிடிவாதமாக வேண்டுமென்றால் --அலவ்-அன்சேஃப் சேர்க்கச் சொல்லும். பெயரிலேயே "அன்சேஃப்" இருக்கும்போது, போஸ்ட்கிரெஸ் ஓடும் வட்டில் அதைப் போட நான் சொல்ல மாட்டேன். கையால் சுருக்குவது சலிப்பான வேலைதான், ஆனால் பத்திரமானது.

விஎச்டிஎக்ஸ் வளரும், தானாகச் சுருங்காது. உள்ளே 40 ஜிபி அழித்தால் இஎக்ஸ்டி4 அந்த இடத்தைக் காலி என்று குறித்துக்கொள்ளும். வெளியே கோப்பின் அளவு அப்படியே நிற்கும்.

முதலில் உள்ளே உண்மையாகவே காலி செய்யுங்கள். டாக்கர் சிஸ்டம் டிஎஃப் கொடுத்தால் எது எவ்வளவு தின்கிறது என்று தெரியும். பெரும்பாலும் பில்டு கேஷ்தான் குற்றவாளி. டாக்கர் பில்டர் ப்ரூன் அதை அழிக்கும். டாக்கர் சிஸ்டம் ப்ரூன் கட்டளையோடு --வால்யூம்ஸ் சேர்ப்பதற்கு முன் ஒரு முறைக்கு இருமுறை யோசியுங்கள், பெயரிடாத டேட்டாபேஸ் வால்யூம் இருந்தால் போய்விடலாம். பிறகு சூடோ எஃப்எஸ்ட்ரிம் -வி / ஓட்டுங்கள். டிஸ்கார்டு தெரிவோடுதான் அந்த வட்டு மவுன்ட் ஆகியிருக்கும். இருந்தாலும் ஒருமுறை ஓட்டுவதில் நட்டமில்லை.

அடுத்து டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன். விஎச்டிஎக்ஸ் எங்கே இருக்கிறது என்று ரெஜிஸ்ட்ரியில் பாருங்கள்: எச்கேசியு-வில் சாஃப்ட்வேர்\மைக்ரோசாஃப்ட்\விண்டோஸ்\கரன்ட்வெர்ஷன்\எல்எக்ஸ்எஸ்எஸ். ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் பேஸ்பாத் என்று முழுப் பாதை இருக்கும். நிர்வாகி உரிமையோடு டிஸ்க்பார்ட் திறந்து வரிசையாக:

செலக்ட் விடிஸ்க் ஃபைல்="முழுப் பாதை\இஎக்ஸ்டி4.விஎச்டிஎக்ஸ்"
அட்டாச் விடிஸ்க் ரீட்ஒன்லி
காம்பாக்ட் விடிஸ்க்
டிடாச் விடிஸ்க்

"வேறொரு நிரல் கோப்பைப் பயன்படுத்துகிறது" என்று வந்தால் ஷட்டவுன் முழுமையாகவில்லை. பெரும்பாலும் விஎஸ் கோடு பின்னணியில் டிஸ்ட்ரோவை மறுபடி எழுப்பியிருக்கும், அதை மூடுங்கள். டிடாச் செய்ய மறந்தால் அடுத்த முறை உபுண்டு திறக்காது.

விண்டோஸ் ப்ரோவில் ஹைப்பர்-வி மாட்யூல் இருந்தால் ஆப்டிமைஸ்-விஎச்டி -மோட் ஃபுல் ஒரே வரியில் இதை முடிக்கும். ஹோம் பதிப்புக்கு டிஸ்க்பார்ட்தான்.

சி டிரைவே சிறியது என்றால் வட்டை டி-க்கு மாற்றிவிடுங்கள்: டபிள்யூஎஸ்எல் --மேனேஜ் உபுண்டு --மூவ் டி:\டபிள்யூஎஸ்எல்\உபுண்டு. பழைய பதிப்பில் --மூவ் இல்லை, டபிள்யூஎஸ்எல் --எக்ஸ்போர்ட் எடுத்து --இம்போர்ட் செய்ய வேண்டும். எதைச் செய்தாலும் முன்னதாக ஓர் எக்ஸ்போர்ட் எடுத்து வேறு வட்டில் வையுங்கள். இம்போர்ட் ஆன டிஸ்ட்ரோ ரூட்டாகத் திறக்கும். பதற வேண்டாம், டபிள்யூஎஸ்எல்.கான்ஃபில் [யூசர்] தலைப்பின் கீழ் டிஃபால்ட்=உங்கள் பெயர் எழுதுங்கள். --அன்ரெஜிஸ்டர் என்ற கட்டளையைச் சிலர் "செயலியை நீக்குவது" என்று நினைத்துக் கொடுக்கிறார்கள். அது விஎச்டிஎக்ஸையே அழித்துவிடும். ரீசைக்கிள் பின்னிலும் கிடைக்காது.

#11 முட்டுக்காடு

சரி, ஸ்பார்ஸ் வேண்டாம். போன், விபிஎன் இரண்டுக்கும் ஒரே மருந்து மிரர்ட் முறை. [டபிள்யூஎஸ்எல்2] கீழ:

நெட்வொர்க்கிங்மோட்=மிரர்ட்

வழக்கமான முறை என்ஏடி. உபுண்டுவுக்கு 172-ல ஆரம்பிக்கிற தனி முகவரி, விண்டோஸுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும், மறுதொடக்கத்துல மாறவும் செய்யும். விண்டோஸ்ல இருந்து லோக்கல்ஹோஸ்ட்:5173 திறக்கும், ஏன்னா அதுக்குத் தனியா ஃபார்வர்டிங் இருக்கு. போனுக்கு அந்தச் சலுகை கிடையாது. மிரர்ட்ல விண்டோஸோட நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்களே லினக்ஸுக்குள்ள அப்படியே தெரியும், ஐபிவி6 உட்பட. போன்ல லேப்டாப்போட வைஃபை முகவரி:5173 அடிச்சா போதும்.

ரெண்டு விஷயம் மறக்கக்கூடாது. வைட் வெறும் 127.0.0.1-ல கேட்டுக்கிட்டிருந்தா எந்த முறையிலயும் போன்ல வராது. --ஹோஸ்ட் குடுத்து 0.0.0.0-ல கேக்க வைக்கணும். அப்புறம் ஹைப்பர்-வி ஃபயர்வால். விண்டோஸ் ஃபயர்வால்ல போர்ட்டைத் திறந்தது மட்டும் போதாது, உள்ள வர்ற இணைப்பை இது தனியா தடுக்கும். நிர்வாகி பவர்ஷெல்ல கெட்-நெட்ஃபயர்வால்ஹைப்பர்விவிஎம்கிரியேட்டர் அடிச்சு டபிள்யூஎஸ்எல்-லோட ஐடியை எடுத்துக்கங்க. நியூ-நெட்ஃபயர்வால்ஹைப்பர்விரூல் கட்டளைக்கு அந்த ஐடியை -விஎம்கிரியேட்டர்ஐடி-யா குடுத்து, -டைரக்‌ஷன் இன்பவுண்ட் -ப்ரோட்டோகால் டிசிபி -லோக்கல்போர்ட்ஸ் 5173 சேருங்க. எல்லா போர்ட்டையும் அலவ் பண்ணச் சொல்ற பதிவுகள் நிறைய சுத்துது. காபிக் கடை வைஃபைல உக்காந்து அதைச் செய்யாதீங்க.

#12 தறி

மிரர்ட் நல்லதுதான், ஆனால் இலவசமாக வராது. விண்டோஸ் 11 22எச்2 அல்லது அதற்கு மேல் வேண்டும், விண்டோஸ் 10-இல் கிடையாது. போர்ட்களும் பொதுவாகிவிடும்: விண்டோஸில் போஸ்ட்கிரெஸ் 5432-இல் ஓடிக்கொண்டிருந்தால் உபுண்டுவின் போஸ்ட்கிரெஸ் "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்" என்று எழும்பாது. திருகாணி, உங்களிடம் இரண்டு பக்கமும் இருந்தால் ஒன்றை 5433-க்கு மாற்றிவிட்டு மிரர்ட் போடுங்கள்.

என்ஏடி-யிலேயே இருக்க வேண்டியவர்களுக்குப் பழைய வழி: விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் ஹோஸ்ட்நேம் -ஐ (பெரிய ஐ) கொடுத்து முகவரியை எடுத்து, நிர்வாகி பவர்ஷெல்லில்

நெட்எஸ்எச் இன்டர்ஃபேஸ் போர்ட்ப்ராக்ஸி ஆட் வி4டுவி4 லிசன்போர்ட்=5173 லிசன்அட்ரஸ்=0.0.0.0 கனெக்ட்போர்ட்=5173 கனெக்ட்அட்ரஸ்=172 முகவரி

கூடவே விண்டோஸ் ஃபயர்வாலில் 5173-க்கு உள்வரும் அனுமதி. உபுண்டு முகவரி மாறும்போதெல்லாம் பழையதை நீக்கிப் புதியதைச் சேர்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் போகவில்லையென்றால் விண்டோஸின் ஐபி ஹெல்பர் சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். போர்ட்ப்ராக்ஸி ஓடுவதே அதன் தயவில்தான்.

#13 திருகாணி

விண்டோஸ் போஸ்ட்கிரெஸை நீக்கிவிட்டு மிரர்ட் போட்டேன், ரூலும் சேர்த்தேன். போனில் திறக்கிறது. விபிஎன் இணைத்தாலும் இப்போது பெயர்கள் தீர்கின்றன. ஆனால் நிறுவனத்தின் கிட் சர்வரிலிருந்து குளோன் எடுத்தால் தொடங்கி அப்படியே தொங்குகிறது. பிழைச் செய்தியும் இல்லை. பிங் போகிறது.

#14 கரிசல்

பிங் போகும், பெரிய பொதி போகாது என்றால் எம்டியு (ஒரு பொதியின் அதிகபட்ச அளவு). விபிஎன் சுரங்கம் 1400 சொச்சத்துக்கு மேல் விடாது, லினக்ஸ் இன்டர்ஃபேஸ் 1500 என்று நம்பி அனுப்புகிறது. சிறிய பிங் நுழைந்துவிடும். டிஎல்எஸ் கைகுலுக்கலில் சான்றிதழ் வரும் பெரிய பொதியோ எஸ்எஸ்எச் சாவிப் பரிமாற்றமோ வழியில் தொலையும். இரண்டு பக்கமும் காத்துக்கொண்டே இருக்கும்.

அளந்து பாருங்கள்: பிங் -எம் டூ -எஸ் 1372 சர்வர்பெயர். இதில் 28 பைட் தலைப்பு சேர்ந்து 1400. போகவில்லையென்றால் 1322, 1272 என்று இறக்குங்கள். போகும் பெரிய எண்ணோடு 28 கூட்டினால் உங்கள் எம்டியு. பிறகு சூடோ ஐபி லிங்க் செட் டெவ் எத்0 எம்டியு 1350. மிரர்டில் இன்டர்ஃபேஸ் பெயர் வேறாக இருக்கலாம், ஐபி லிங்க் கொடுத்துச் சரியானதைப் பாருங்கள். வேலை செய்தால் அதே வரியை, சூடோ இல்லாமல், டபிள்யூஎஸ்எல்.கான்ஃபில் [பூட்] கீழே கமாண்ட்= என்று எழுதலாம். அது ரூட்டாக ஓடும். விபிஎன் இணைந்த பிறகு முளைக்கும் இன்டர்ஃபேஸாக இருந்தால் பூட் நேரத்தில் அது இருக்காது, கையால் ஓட்ட வேண்டும்.

டிஎன்எஸ் சரியானதற்குக் காரணம் டிஎன்எஸ்டனலிங். விண்டோஸ் 11 22எச்2 முதல், புதிய டபிள்யூஎஸ்எல்-இல் இயல்பாகவே ட்ரூ. பெயர்க் கேள்வியை நெட்வொர்க் பொதியாக வெளியே அனுப்பாமல் நேராக விண்டோஸிடம் கேட்கும். உங்கள் டபிள்யூஎஸ்எல் பழையதாக இருந்திருந்தால் முன்பு அதுதான் குறை. டபிள்யூஎஸ்எல் --வெர்ஷன் கொடுத்துப் பாருங்கள். அந்தக் கட்டளையே புரியவில்லை என்றால் விண்டோஸோடு வந்த பழைய சரக்கு, டபிள்யூஎஸ்எல் --அப்டேட் தேவை.

விண்டோஸ் 10-காரர்களுக்கு: டபிள்யூஎஸ்எல்.கான்ஃபில் [நெட்வொர்க்] கீழ் ஜெனரேட்ரிசால்வ்கான்ஃப்=ஃபால்ஸ் எழுதி, ஷட்டவுன் செய்து, திறந்ததும் /இடிசி/ரிசால்வ்.கான்ஃபை முதலில் அழியுங்கள். அது இணைப்புக் கோப்பு. அழிக்காமல் மேலே எழுதினால் அடுத்த முறை காணாமல் போகும். பிறகு நேம்சர்வர் வரியில் விபிஎன்-இன் டிஎன்எஸ் முகவரியை எழுதிப் புதிதாக உருவாக்குங்கள்.

#15 நாற்சந்தி

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நிறுவும்போதே 0எக்ஸ்80370102 என்று நிற்கிறது. அத்துடன் இன்னொரு மெஷினில் போஸ்ட்கிரெஸை சிஸ்டம்சிடிஎல் எனேபிள் செய்தும், டெர்மினலை மூடிய சிறிது நேரத்தில் எல்லாம் நின்றுவிடுகிறது.

#16 பெங்குவின்27

முதல்து பயாஸ். இன்டெல்னா விடி-எக்ஸ், ஏஎம்டினா எஸ்விஎம், அதை எனேபிள் பண்ணுங்க. டாஸ்க் மேனேஜர்ல சிபியு பக்கத்துல "வர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு" வரணும். அது வந்தும் நின்னா விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல வர்ச்சுவல் மெஷின் ப்ளாட்ஃபார்ம் டிக் இருக்கான்னு பாருங்க. அதுவும் இருந்தா நிர்வாகி கமாண்ட் ப்ராம்ப்ட்ல பிசிடிஎடிட் /செட் ஹைப்பர்வைசர்லாஞ்ச்டைப் ஆட்டோ, அப்புறம் ரீஸ்டார்ட். பழைய ஆண்ட்ராய்டு எமுலேட்டருக்காக யாராவது அதை ஆஃப் பண்ணி வெச்சிருப்பாங்க.

ரெண்டாவது கோளாறு இல்ல, வடிவமைப்பே அப்படி. சிஸ்டம்டி சர்வீஸ் ஓடுறது டிஸ்ட்ரோவை உயிரோட வெச்சிருக்காது. விண்டோஸ் பக்கம் இருந்து ஆரம்பிச்ச ஒரு ப்ராசஸாவது இருக்கணும். டாஸ்க் ஷெட்யூலர்ல, லாகின் ஆனதும் ஓடற மாதிரி இதைப் போடுங்க:

டபிள்யூஎஸ்எல் -டி உபுண்டு --எக்ஸெக் ஸ்லீப் இன்ஃபினிட்டி

சிஸ்டம்டி உண்மையிலேயே ஓடுதான்னு பிஎஸ் -பி 1 -ஓ காம்= அடிச்சுப் பாருங்க, பதில் சிஸ்டம்டின்னு வரணும். இனிட்னு வந்தா டபிள்யூஎஸ்எல்.கான்ஃப்ல [பூட்] கீழ சிஸ்டம்டி=ட்ரூ எழுதணும்.

லேப்டாப் தூங்கி எழுந்ததும் ஏப்ட் அப்டேட் "இன்னும் செல்லுபடியாகவில்லை"ன்னு ரிலீஸ் கோப்பைக் குறை சொன்னா உள்ள கடிகாரம் பின்தங்கியிருக்கு. சூடோ எச்டபிள்யூகிளாக் -எஸ்.

#17 முட்டுக்காடு

ஜிபியு பத்தி யாரும் கேக்கல, ஆனா கேப்பீங்க. என்விடியா டிரைவர் விண்டோஸ்ல மட்டும். உபுண்டுக்குள்ள லினக்ஸ் டிரைவரைப் போட்டீங்கன்னா /யூஎஸ்ஆர்/லிப்/டபிள்யூஎஸ்எல்/லிப்-ல விண்டோஸ் தர்ற லைப்ரரியோட மோதும். உள்ள போட வேண்டியது குடா டூல்கிட் மட்டும், அதுவும் டபிள்யூஎஸ்எல்-உபுண்டுக்குன்னு தனியா இருக்கிற தொகுப்பு.

#18 நாற்சந்தி

பயாஸில் எஸ்விஎம் அணைந்திருந்தது, நிறுவியாயிற்று. ஜிஎடிட் திறந்தால் தமிழ்க் கோப்பு முழுக்கக் கட்டம் கட்டமாக வருகிறது. டெர்மினலில் எழுத்து வருகிறது, ஆனால் கொம்பும் காலும் தள்ளித் தள்ளி நிற்கின்றன.

#19 தறி

இரண்டும் வேறு வேறு. ஜிஎடிட் லினக்ஸ் செயலி. டபிள்யூஎஸ்எல்ஜி அதன் ஜன்னலை மட்டும் விண்டோஸுக்குக் கொண்டுவருகிறது. எழுத்துரு லினக்ஸில் இருக்க வேண்டும். சூடோ ஏப்ட் இன்ஸ்டால் ஃபான்ட்ஸ்-டிஏஎம்எல் போதும், ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் போட்டால் மற்ற மொழிகளும் சேர்ந்து வரும். விண்டோஸின் நிர்மலா யூஐ-யே வேண்டும் என்றால் /இடிசி/ஃபான்ட்ஸ்/லோக்கல்.கான்ஃபில் /எம்என்டி/சி/விண்டோஸ்/ஃபான்ட்ஸ் கோப்புறையைச் சேர்த்து எஃப்சி-கேஷ் -எஃப் ஓட்டலாம். முதல் முறை 9பி வழியாக எல்லா எழுத்துருவையும் படிப்பதால் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

டெர்மினலில் வரைவது விண்டோஸ் டெர்மினல், அங்கே லினக்ஸ் எழுத்துரு எதைப் போட்டாலும் மாறாது. எழுத்துக்கு ஒரு கட்டம் என்று ஒதுக்கும் முறையில் "கொ", "பூ" போன்றவை ஒழுங்காக அடங்குவதில்லை. டெர்மினலைப் புதிய பதிப்புக்கு ஏற்றிப் பாருங்கள், ஓரளவு தேறும். தமிழ்க் கோப்பைத் திருத்துவது விஎஸ் கோடிலோ ஜிஎடிட்டிலோ இருக்கட்டும்.

ஜிஎடிட்டில் தட்டச்சு செய்ய விண்டோஸின் தமிழ் உள்ளீட்டு முறையை நம்ப வேண்டாம், அது இந்த ஜன்னலுக்குள் வராது. உள்ளே எஃப்சிஐடிஎக்ஸ்5, அதன் எம்17என் தொகுப்பு இரண்டையும் நிறுவி தமிழ்99 தேர்ந்தெடுங்கள். ஜிடிகே_ஐஎம்_மாட்யூல், க்யூடி_ஐஎம்_மாட்யூல் இரண்டுக்கும் எஃப்சிஐடிஎக்ஸ் என்றும், எக்ஸ்மாடிஃபையர்ஸுக்கு @ஐஎம்=எஃப்சிஐடிஎக்ஸ் என்றும் .ப்ரொஃபைலில் ஏற்றுமதி செய்யுங்கள். இங்கே முழு டெஸ்க்டாப் இல்லாததால் எஃப்சிஐடிஎக்ஸ்5 -டி தானாகத் தொடங்காது. அதையும் அதே கோப்பின் கடைசி வரியாகச் சேர்த்துவிட்டு, டிஸ்ட்ரோவை டெர்மினேட் செய்து திறவுங்கள்.